தொப்பிக்கு அடியில் மூன்று சில்லு

ஆளில்லாத நாற்காலியோடு சீட்டாடி ஜெயிப்பதில் லைல் ஹேவர்காம்பை மிஞ்ச அமெரிக்காவில் மட்டுமல்ல, நிலாவிலும் ஆள் கிடையாது. காலி நாற்காலிகள் அவரைக் கண்டால் எழுந்து நின்று வணக்கம் சொல்லும்.

மற்றபடி அவர் மொன்டானாவின் பென்ட் க்ரீக்கில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். தீயணைப்புக் கூடத்தில் வருஷா வருஷம் நடக்கும் போக்கர் சீட்டாட்டப் போட்டியில் பதினோரு தடவை உட்கார்ந்து, பதினோரு தடவையும் சாப்பாட்டுக்கு முன்பே தோற்று எழுந்தவர். முதல் பரிசு அரை மாட்டு இறைச்சி. அவருக்கு அதுகூடப் பெரிசில்லை. "என்ன லைல், பீன்ஸ் குழம்பு இன்னும் கொதிக்கவே இல்ல, அதுக்குள்ள எந்திரிச்சுட்ட?" என்று முடிவெட்டும் கிளெம் கேட்காத ஒரு வருஷம் வேண்டும், அவ்வளவுதான்.

அதற்காகக் குளிர்காலம் முழுக்கக் கைபேசியில் படித்தார். ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பேர் சீட்டைப் பார்க்குமுன்பே கட்டாயப் பந்தயம் வைக்க வேண்டும். எழுந்து போனவர் முறை வந்தால் அவர் குவியலிலிருந்தே, பணத்துக்குப் பதில் வைக்கும் சில்லுகளை எடுத்து வைப்பார்கள். எதிர்த்து ஆட ஆளில்லை. ஆகவே கையில் குப்பைச் சீட்டு இருந்தாலும் பந்தயத்தை உயர்த்தி அள்ளு. படிப்பு அதுதான்.

பென்ட் க்ரீக்கில் இன்னொன்று உண்டு, எங்கும் எழுதி வைக்காதது. தீச்சங்கு ஊதியதும் ஆட்டத்திலிருந்து எழுந்து ஓடும் தீயணைப்புக்காரர் சில்லுகள்மேல் தொப்பியைக் கவிழ்த்துவிட்டுப் போவார். தொப்பியின் கட்டாயப் பந்தயத்தை யாரும் தொடமாட்டார்கள். எல்லோரும் சீட்டைக் கீழே போட்டு ஒதுங்கிவிடுவார்கள். சில்லு தொப்பிக்கே திரும்பிவிடும்.

அன்று சங்கு இரண்டரை மணிக்கு ஊதியது. பக்கத்து நாற்காலிக்காரி, தீயணைப்பு அணித் தலைவி வெர்னா ஸ்ட்ரவுட், தொப்பியைக் கவிழ்த்தாள்.

"பாத்துக்கோ லைல்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

தொப்பியின் முறை வந்தது. மற்ற எல்லோரும் சீட்டைக் கீழே போட்டார்கள். லைல் பந்தயத்தை உயர்த்தினார்.

"லைல், அது தொப்பி" என்றார் கிளெம்.

"விதியில இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணுமில்ல."

கிளெம் தன் சில்லுகளை அடுக்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால் தேவலாம். ஒவ்வொரு சுற்றிலும் லைலின் காது சிவந்தது; கை மட்டும் நிற்கவில்லை. எல்லோருக்கும் சீட்டு பங்கிட்டுப் போட்டுக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பையன்கூட அவர் முகத்தைப் பார்க்காமலே சில்லுகளை அவர் பக்கம் தள்ளினான்.

நாலரைக்கு வெர்னா வந்தாள். முகமெல்லாம் கரி, புருவத்தில் பாதி காணோம். தொப்பியைத் தூக்கினாள். மூன்று சில்லு.

"இன்னிக்கு நல்லா ஆடுறியே" என்றாள் லைலிடம். குத்தல் இல்லை. நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். "எரிஞ்சது உன் பஸ் ஷெட் பின்னாடி புல்லுதான். பஸ்ஸுக்கு ஒண்ணும் ஆகல."

லைல் மேசை விரிப்பிலிருந்த பொத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆட்டத்திலேயே அவள் மூன்றையும் முன்னே தள்ளினாள். மற்றவர்கள் ஒதுங்க, லைல் ஒருவர்தான் பாக்கி. கையில் இரண்டு ராஜா, யாரும் விடாத சீட்டு. நெடுநேரம் பார்த்தார். கவிழ்த்துப் போட்டு ஒதுங்கினார்.

"குப்பை" என்றார்.

வெர்னா அதற்கடுத்த ஆட்டத்திலேயே கிளெமிடம் தோற்று, குழம்பு சாப்பிடப் போய்விட்டாள். மாட்டை ஜெயித்தது லைல்தான். கை தட்டியது அவள் மட்டும். இன்றைக்கும் அவள் வண்டி அவர் வீட்டு வாசலைத் தாண்டினால், பரிசு இறைச்சி இருக்கும் குளிர்ப்பெட்டியின் மூடியைச் சத்தமில்லாமல் சாத்துகிறார்.

இத்தனையும் எழுதிய தாளைத் திங்கட்கிழமை காலையில் பேருந்துப் படியில் நின்று அவரிடமே நீட்டியாயிற்று. கடைசி வரிவரை படித்தார். கோபம் வரவில்லை. விரலை மட்டும் ஒரு வரியில் வைத்தார்.

"ரெண்டு ராஜான்னு எழுதிருக்க."

"ஆமா, சார்."

"கவுத்துல்ல போட்டேன். யாருக்கும் காட்டல." தாளைத் திருப்பிக் கொடுத்தார். "சீட்டு போடுற பய, கவுத்துப் போட்டதை எடுத்துப் பாக்கலாம்னு எந்த விதியில இருக்கு?"

பேருந்தில் முப்பது பிள்ளைகள். எழுதியவனின் காது சிவந்தது.