வேலைக்கென்று வாங்கிய கம்ப்யூட்டர்

தம்பி சென்னையிலிருந்து ஒரு பெட்டியோடும் இரண்டு பையோடும் வந்து இறங்கியபோது, ஒரு வாரம் இருந்துவிட்டுப் போக வந்திருக்கிறான் என்றுதான் அப்பா நினைத்தார். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு வாரத்துக்கு வருகிறவன் தலையணையைத் தூக்கிக்கொண்டு வரமாட்டான். கம்பெனியில் அவன் இருந்த பிரிவையே மூடிவிட்டார்கள் என்பதை மூன்றாம் நாள்தான் என்னிடம் சொன்னான். அப்பாவிடம் நீயே சொல்லிவிடு என்றான்.

எங்கள் வீடு வேங்கிக்காலில் இருக்கிறது. நான் கலெக்டர் ஆபீஸில் உதவியாளர். அப்பா அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதும் இல்லை. ஆக மூன்று பேர். அதில் ஒருவன் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுவதை நிறுத்தினான். முதல் சில மாதங்கள் மும்முரமாக வேலை தேடினான். பிறகு கேட்டால் "அப்ளை பண்ணிருக்கேன்" என்பான். பிறகு அதுவும் இல்லை. கூப்பிட்டால் சாப்பிட வருவான், தட்டைக் கழுவி வைப்பான், அறைக்குள் போய்விடுவான். இருபத்தொன்பது வயது ஆண்பிள்ளை வீட்டில் இருக்கிற சத்தமே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. வேலை போனதற்காக அல்ல. பேப்பரில் சில செய்திகளைப் படித்தால் உடனே அவன் முகம் ஞாபகத்துக்கு வந்தது. ஆபீஸிலிருந்து மத்தியானம் காரணமே இல்லாமல் போன் செய்வேன். எடுத்து "ம்" என்றால் போதும், வைத்துவிடுவேன்.

அப்படி இருந்தவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "அக்கா, ஒரு கேம் கன்சோல் வாங்கலாமா? டிவில மாட்டிக்கலாம். ரெண்டு பேரும் சேந்து ஆடலாம், முன்ன மாதிரி."

எத்தனையோ மாதங்களில் அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான். முன்ன மாதிரி என்றால், அவன் மூன்றாவது படித்தபோது வீட்டில் இருந்த டிவி கேம். ஒரே கேசட்டில் பல நூறு ஆட்டங்கள் என்று அட்டையில் போட்டிருக்கும், உள்ளே பத்து ஆட்டம்தான் திரும்பத் திரும்ப வரும். நல்ல கன்ட்ரோலரை நான் எடுத்துக்கொண்டு, பட்டன் அழுந்தாததை அவனிடம் தள்ளிவிடுவேன். அவன் அதிலும் என்னை ஜெயிப்பான். எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். "வாங்கலாம்டா" என்றேன்.

அன்று சாயங்காலமே போய் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் நான் ஒரு மிக்ஸி வாங்குவதற்கே இரண்டு மாதம் விசாரிக்கிற ஜென்மம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். கன்சோலா, பிசி என்கிற கம்ப்யூட்டரா என்று உலகமே அடித்துக்கொண்டிருந்தது. கன்சோல் என்றால் மாட்டினோம் ஆடினோம், அவ்வளவுதான். பிசியில் கிராபிக்ஸ் கார்டை நாளைக்கு மாற்றலாம், விளையாட்டு கம்மி விலையில் கிடைக்கும், மற்ற வேலையும் பார்க்கலாம். பக்கத்து சீட்டில் இருப்பவர் என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "கன்சோல்னா வெறும் விளையாட்டு மேடம். பிசினா நாலு விஷயத்துக்கு ஆவும்" என்றார். அந்த நாலு விஷயம் என் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஏனென்றால் எங்கள் வீட்டுக்குள் எந்தப் பொருளும் சும்மா நுழைந்ததில்லை. டிவி வந்தது செய்தி பார்க்க. பிரிட்ஜ் வந்தது அம்மாவின் இன்சுலினுக்கு. என் ஸ்கூட்டி வந்தது ஆபீஸ் போக. ஆசையாக இருந்தது, வாங்கினோம் என்று இந்த வீட்டில் யாரும் வாய் திறந்து சொன்னதே கிடையாது. அப்பாவைக் குறை சொல்லிப் பயனில்லை, எனக்கும் அந்த வியாதி உண்டு. சம்பாதிப்பது நான், என் பணத்தில் என் தம்பிக்கு ஒரு விளையாட்டுச் சாமான் வாங்க எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. பிசியில் அந்தக் காரணம் இருந்தது.

அப்பாவிடம் சொன்னேன்: "அவனுக்கு ஒரு நல்ல கம்ப்யூட்டர் வாங்கிக் குடுக்கலாம்பா. எடிட்டிங் அது இதுனு கத்துக்கட்டும். வீட்லர்ந்தே வேலை பாக்கறவங்க இப்ப ஜாஸ்தி."

அப்பா உடனே தலையாட்டினார். எனக்குப் பெரிய சாமர்த்தியசாலி என்று நினைப்பு.

தம்பியிடம் சொன்னபோது, "பிசியா?" என்றான்.

"அதுலயும் கேம் ஆடலாம்டா. இன்னும் நல்லாவே ஆடலாமாம்."

"சரி."

அந்தச் சரியைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். தினமும் நூறு மனுக்களைப் படித்து, எழுதியவர் எதை எழுதாமல் விட்டிருக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அந்த ஒரு வார்த்தையைப் படிக்க எனக்குத் துப்பில்லை.

போளூர் ரோட்டுக் கடையில் சொல்லி வைத்தோம். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் வழியெல்லாம் அடைத்திருந்ததால் இரண்டு நாள் தள்ளி வெள்ளிக்கிழமை கொண்டுவந்து மாட்டினார்கள். அப்பா குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார். ஆயுத பூஜைக்குத் தன் பஸ்ஸுக்கு வைப்பதுபோலவே கேபினட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மானிட்டர் மேல் ஒரு முழம் பூ போட்டு, கற்பூரம் காட்டினார். எலுமிச்சம்பழத்தை வைக்கச் சக்கரம் இல்லாததால் தரையில் வைத்து நசுக்கினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகவே வேண்டினார்: "அண்ணாமலையாரே, இது வந்த நேரம் இவனுக்கு ஒரு நல்ல வேலை அமையணும்பா."

தம்பி கையைக் கூப்பிக்கொண்டு நின்றான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் கேட்டது இது இல்லை என்று பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் தட்டிலிருந்த திருநீற்றை எடுத்து அவன் நெற்றியில் பூசிவிட்டு, "ஒக்காருடா" என்றேன்.

அப்பா கெட்டவர் இல்லை. சாமிமுன் வேண்டியதை விசாரிக்கிற உரிமை தனக்கு இருப்பதாக நினைத்தார், அவ்வளவுதான். அறையைக் கடக்கும்போதெல்லாம் "எதாவது வந்துச்சா?" என்று கேட்டார். உள்ளே துப்பாக்கிச் சத்தம் கேட்டால், "வேலைக்குனுதானேம்மா வாங்குனோம்" என்பார், என்னைப் பார்த்து. என் வாயிலிருந்து போன வார்த்தைதானே. சில நாளில் தம்பி, செருப்புச் சத்தம் கேட்டால் ஆட்டத்தை மறைத்துவிட்டு எக்செல்லைத் திறந்து வைக்கப் பழகிக்கொண்டான். சென்னையில் ஒரு டீமையே நடத்தியவன்.

பிசியையும் டிவியில் மாட்டலாம், கன்ட்ரோலர் இரண்டு போடலாம் என்று யாராவது சொல்வார்கள். தெரியும். நானும் அந்த வீடியோவைப் பார்த்தேன், கன்ட்ரோலரும் வாங்கி வந்தேன். பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா முழிச்சிட்டிருக்காருக்கா" என்றான். டப்பாவை மேஜைக்குக் கீழே வைத்தான். அது பிரிக்கப்படவே இல்லை.

போன மாதம் ஒருநாள் தலைவலி என்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா அடி அண்ணாமலையில் இருக்கிற எங்கள் துண்டு நிலத்தைப் பார்க்கப் போயிருந்தார். தம்பி அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மானிட்டர் முன் நேராக உட்கார்ந்திருந்தான். மானிட்டரில் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் ஓடவே இல்லை. தோளைத் தொட்டேன். பதறாமல் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினான்.

"என்னாடா பண்ற?"

"ஒண்ணும் இல்லக்கா. இங்க உக்காந்திருந்தா வேலை தேடறேன்னு அப்பா விட்டுடறாரு. கட்டில்ல படுத்திருந்தாதான் கேக்கறாரு."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா வராதா என்பதைச் சொல்வதுபோலச் சொன்னான்.

"இத வித்துட்டு கன்சோலே வாங்கிடலாம்டா. இன்னிக்கே போலாம். அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

"வேணாங்கா."

"ஏன்டா, நீதானே கேட்ட?"

கொஞ்ச நேரம் கீபோர்டில் இருந்த தூசியை விரலால் தள்ளிக்கொண்டிருந்தான். "வேலைக்குப் போ வேலைக்குப் போனு ஊரே சொல்லிச்சு. நீ ஒருத்திதான் சொல்லல. அதான் உங்கிட்ட கேட்டேன்" என்றான்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். மன்னிச்சுடுடா என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் அதையும் யாரும் சொன்னதில்லை. அவன் ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டு இருட்டு மானிட்டரைப் பார்த்தான். அப்பாவின் வண்டி வாசலில் வந்து நின்றது.

"கதவ சாத்திட்டுப் போக்கா" என்றான்.

எழுந்துபோய்ச் சாத்தினேன். அவன் என்னிடம் கேட்டதில், கேட்டது கேட்டபடி நான் செய்துகொடுத்தது அது ஒன்றுதான்.