ரயிலை நிறுத்திய பாவாடை

அம்மாவின் கருமாதிக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: பொறுமைசாலி. பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் உடுப்புத் தைத்தே ஓய்ந்த கை, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத வாய். கேட்கக் கேட்க எனக்கு எரிந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு ரயிலையே நிறுத்தியவளைப் பற்றி இப்படியா பேசுவது?

அப்போது எனக்கு ஏழு வயது. அப்பாவுக்கு ரயில்வே கேட்டில் கொடி காட்டும் வேலை. தண்டவாளத்தை ஒட்டியே எங்கள் ரயில்வே வீடு. நைந்துபோன கொடிகளை விளக்குத் துடைக்கக் கொடுத்துவிடுவார்கள். விளக்குக்குப் போகுமுன் அம்மா அவற்றைக் கைப்பற்றிவிடுவாள். கிழிந்ததை வெட்டி எறிந்து, நல்ல துண்டுகளை ஒட்டுத் தெரியாமல் இணைத்து, தைப்பூசத்துக்கு எனக்கொரு பாவாடை தைத்தாள். முழுக்கச் சிவப்பு, அடியில் பச்சைக் கரை, கரையெங்கும் வெள்ளை நூலில் மயில்கள்.

துவைத்து வெளியே காயப்போட்டாள். கிள்ளானிலிருந்து வந்த வண்டியின் டிரைவர், தண்டவாளத்தோரம் சிவப்பு ஆடுவதைக் கண்டு பிரேக்கைப் பிடித்துவிட்டார். வண்டியில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி இருந்தார். அவருக்குக் காத்திருந்து பழக்கமில்லை.

மறுநாள் ரயில்வே அலுவலகத்திலிருந்து பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, வந்து வாசலில் நின்றார்.

“ஏம்மா, ரயில நிறுத்தத்தான் துணி காயப்போட்டியா?”

“ஈரமா இருந்துச்சுங்க ஐயா, வெயில்ல போட்டேன். ரயிலே நின்னு பாக்கும்னு தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லா தச்சிருப்பேன்.”

“நீ சும்மா இரு,” என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி.

“நாளைக்கு வருவேன். இந்தச் செவப்பு என் கண்ணுல பட்டுச்சு, வீட்டக் காலி பண்ணிட்டுப் போய்க்கிட்டே இருங்க.”

அரசாங்க உத்தியோகத்தில் தலை நரைத்தவள் நான். முதலில் விளக்கம் கேட்க வேண்டும், பதிலைப் படிக்க வேண்டும், தண்டனை பிறகுதான். இங்கே தண்டனை நடந்து வந்தது. விளக்கம் கேட்க ஆளில்லை. கழித்துக் கொடுத்த துணி கொடியாகாது. துணி காயும் கயிறு ரயில்வே ஊழியரும் ஆகாது. கேட்டோரம் செம்பருத்தி சிவக்கச் சிவக்கப் பூத்திருந்தது. அதற்கு ஒருவரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை. டிரைவர் விழிப்பானவர் என்று பாராட்டப்பட்டார். அதே துணிக்கு அம்மா கவனக்குறைவானவள் ஆனாள்.

அன்று சாயங்காலம் அம்மா மங்குஸ்தான் தோலையும் துருப்பிடித்த ஆணிகளையும் மண்ணெண்ணெய் டின்னில் கொதிக்கவைத்து ஆறவிட்டாள். பாவாடையை முக்குவதற்கு முன் குறுக்கே மடிப்பு மடிப்பாகப் பிடித்து, நூலை இறுக்கிச் சுற்றி, மேலே மெழுகு தேய்த்தாள்.

“எதுக்கும்மா?”

“வளர்ற புள்ளல்ல நீ. மடிப்பு வச்சாத்தான் பின்னால பிரிச்சு விடலாம்.”

வெளியே வந்தது கறுப்பு. மயில்கள் எல்லாம் காக்கைகளாகிவிட்டன. நான் அழுது புரண்டேன். கிராணி வந்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சொன்னா கேட்டுக்கிடணும். இப்ப சரி.”

“சரிங்க ஐயா,” என்றாள் அம்மா. கருமாதிக்கு வந்தவர்கள் மெச்சிய பொறுமை இதுதான் போலும். வீடு தப்பியது. எனக்கு அவள்மேல்தான் கோபம். நம் பக்கம் நியாயம் இருக்கும்போது எதற்கு ‘சரிங்க ஐயா’?

அடுத்த ஆண்டு நான் உயர்ந்தேன்; அம்மா ஒரு மடிப்பைப் பிரித்தாள். கறுப்புக்கு நடுவே, என்னைச் சுற்றி ஒரு வளையம், கொடிச் சிவப்பில்.

தூக்குச்சட்டியை என் கையில் கொடுத்தாள்.

“அப்பாவுக்குச் சோறு கொண்டு போ. கிராணி ஆபீஸ் வழியாப் போ. கைய வீசி நட.”

அது சுற்றுவழி. எதற்கென்று கேட்கத் தோன்றவில்லை. எல்லாம் தெரிந்த அம்மாவுக்குச் சாயம் போடத் தெரியவில்லையே என்ற வெட்கத்தில், அந்தச் சிவப்பைத் தூக்குச்சட்டியால் மறைத்துக்கொண்டே கிராணியின் சன்னலைக் கடந்தேன்.