தறிக்காரர் வீட்டுத் தொண்டை

எங்கள் நைனாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். பிறகு ஏன் கத்துகிறீர்கள் என்று கேட்டால், "யாரு கத்துனது?" என்று அதையும் கத்தித்தான் கேட்பார். வீட்டுக்குப் பின்னால் விசைத்தறிகள். அந்தக் கடகடப்புக்கு மேலே குரலை ஏற்றிப் பேசியே பழகிய தொண்டை, தறி நின்ற பிறகும் இறங்காது. தொட்டில் பழக்கம் என்பார்கள். இவருக்குத் தறிப் பழக்கம். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

முதலில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "எப்பவும் சண்டை போடற வீடு போல" என்று தரகரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். நைனா அன்று அவர்களைச் சாப்பிடத்தான் கூப்பிட்டிருந்தார். எரிச்சலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதனால் அரக்கோணத்து வரன் வந்தபோது, மலைக்கோயிலிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தோம். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. போட்டோவிலேயே எனக்குப் பிடித்துப்போயிருந்தது. இதுவும் கெட்டுவிடக் கூடாதே என்று, "நைனா, மெதுவா பேசுங்க" என்று படியேறும்போதெல்லாம் சொன்னேன். "ஆங், ஆங்!" என்றார். மேலே போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தரிசனம் முடிந்து இரு வீட்டாரும் மண்டபத்தில் உட்கார்ந்தோம். நைனா வாயே திறக்கவில்லை. எதைக் கேட்டாலும் தலையை ஆட்டினார். புத்தி முழுவதையும் தொண்டைக்குக் காவல் வைத்துவிட்டார், பேசுவதற்கு மிச்சமில்லை. இந்த மனுஷனுக்கு நடுவாந்தரம் என்பதே கிடையாதா?

மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவிடம் கேட்டார். "அவருக்கு இஷ்டமில்லீங்களா? உம்முனு உக்காந்துகினு இருக்காரே."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குள் மாப்பிள்ளையையும் என்னையும் தனியாகப் பேசிவிட்டு வரச் சொன்னார்கள். மண்டபத்தின் மறுகோடிக்குப் போய் நின்றோம். நான் மெதுவாக, ரகசியம் போலத்தான் சொன்னேன்.

"எங்க நைனாவுக்கு முழு இஷ்டங்க. கத்தாதீங்கன்னு நான்தான் வாயக் கட்டிவெச்சேன். எனக்கும் உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு."

மாப்பிள்ளை ஓரடி பின்னால் நகர்ந்தார். பொங்கல் தின்றுகொண்டிருந்த யாரோ ஒரு குடும்பம் அப்படியே கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. எதிர்க்கோடியில் அவருடைய அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அந்த அம்மாவுக்குப் பக்கத்திலிருந்து நைனா எழுந்து நின்றார்.

"அப்புறம் இன்னாம்மா? தட்டு மாத்திக்கலாம்!"