நிலைக்கு அடியில் வைக்காத ஜாக்கி

எங்கள் வீட்டைத் தூக்கலாம் என்று முதலில் சொன்னது நான்தான். சிதம்பரத்தில் சிவில் கடைசி வருடம் படித்தபோது, பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் ஒரு மாடி வீடு இரும்பு ஜாக்கிகளின் மேல் நிற்பதைப் பார்த்தேன். மாடியில் ஒருவர் லுங்கியோடு நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே, சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே, ஒரு பூனை இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அன்றைக்கு வகுப்புக்கே போகவில்லை.

கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீடு. ரோடு போடும்போதெல்லாம் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டார்கள். நான் பள்ளிக்கூடம் போன நாளில் இரண்டு படி ஏறி வீட்டுக்குள் போவோம். காலேஜ் முடிப்பதற்குள் ஒரு படி இறங்கிப் போகவேண்டியதாகிவிட்டது. மழை பிடித்தால் தண்ணீர் வாசல் வழியாக வராது. முதலில் பாத்ரூம் ஓட்டை வழியாகக் கொப்பளித்துக்கொண்டு வரும். கடைசியாக வந்தபோது ஃப்ரிட்ஜை பெஞ்சின் மேல் ஏற்றிவிட்டு, அம்மா சமையல் மேடையிலேயே காலை மடக்கி உட்கார்ந்து இரண்டு நாள் சமைத்தாள்.

"வீட்டத் தூக்குறதா? அது என்னா சூட்கேஸா?" என்றார் அப்பா.

எதிர்வீட்டில் இருக்கிற மாமா, அம்மாவின் தம்பி, விடுவாரா? "தூக்குறதுதான் தூக்குறீங்க மச்சான், அப்புடியே கொண்டுபோயி திட்டக்குடி பக்கம் எறக்கிடுங்க. அங்க மேடு ஜாஸ்தி."

நான் விடவில்லை. வீடியோ காட்டினேன், படம் வரைந்தேன், சிதம்பரத்துக்கே அழைத்துப்போய் அந்த வீட்டைக் காட்டினேன். அப்பா சரி என்றார். அம்மாவும் சரி என்றாள், ஒரே ஒரு நிபந்தனையோடு. தலைவாசல் நிலைக்கு அடியில் யாரும் கை வைக்கக்கூடாது. வீடு கட்டியபோது, நிலை நிறுத்துவதற்கு முன்னால், நவதானியமும் காசும் பொட்டுத் தங்கமும் மஞ்சள் துணியில் முடிந்து அந்தக் குழிக்குள் வைத்தவள் அவள். "நெலப்படிய மிதிச்சாலே ஆவாது. தோண்டுறதாவது!"

வீடு தூக்கும் மேஸ்திரி பீகார்க்காரர். பல வருடம் இந்தப் பக்கமே சுற்றி நன்றாகத் தமிழ் பேசுவார். சுவருக்கு அடியில் நீளமாக இரும்புச் சேனல் கொடுத்து, அதற்கு அடியில் வரிசையாக ஜாக்கி வைப்பதுதான் வேலை. நிலையைப் பற்றிச் சொன்னதும் தலையை ஆட்டினார்.

"சேனல் ஒரே லைனா போவணும் மேடம். கதவுக்குக் கீழயும் போவணும்."

"கதவு இருக்குற எடத்துல சுவரே இல்லியே மேஸ்திரி. லோடும் இல்ல. ரெண்டு பக்கமும் தனித்தனியா குடுங்க. நிலையச் சுத்தி அறுத்து விட்டுட்டா அது பாட்டுக்கு நிக்கும். கடைசில நல்ல நேரம் பாத்து அத மட்டும் ஏத்திக்கலாம்."

"நீங்க இன்ஜினியரா?"

"ஆமா."

"அப்ப சரி."

பட்டம் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. வேலையும் கிடைத்திருக்கவில்லை. ஆனால் அந்தப் பதில் எவ்வளவு வேகமாக என் வாயிலிருந்து வந்தது!

சாமான்களெல்லாம் மாமா வீட்டுக்குப் போயின. தரையை உடைத்தார்கள், சுவருக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கல்லைப் பெயர்த்து ஜாக்கி சொருகினார்கள். மண்ணோடு வீட்டுக்கு இருந்த ஒட்டு முழுவதும் அறுந்த அன்று, கொல்லைப்பக்கம் குப்புறப் படுத்து அடியில் எட்டிப்பார்த்தேன். தெருவில் நிறுத்தியிருந்த மாமாவின் பைக் சக்கரம் தெரிந்தது. நான் பிறந்து வளர்ந்த வீட்டுக்கு அடியில் காற்று வந்து என் முகத்தில் பட்டது. எல்லாம் தெரிந்துதான் செய்தேன். ஆனாலும் சட்டென்று எழுந்து தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

மேஸ்திரி கை தட்டுவார். ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆளுக்குச் சில ஜாக்கிகளைக் கால் சுற்று திருகுவார்கள். மறுபடி கை தட்டல், மறுபடி கால் சுற்று. முதல் நாள் வீடு ஒரு விரற்கடை ஏறியது. சமையல் மேடையில் தம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தேன், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. "பாருங்க மாமா, பாருங்க மாமா" என்று தெருவுக்கும் உள்ளுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மழை தூறியது. மூன்றாம் நாள் மதியம், சாப்பிட்டு வந்து திருக ஆரம்பித்தார்கள். நிலைக்கு வலப்பக்கம் மண் நனைந்து இளகியிருந்தது. அங்கே ஜாக்கிகள் மேலே போவதற்குப் பதில், அடியில் வைத்திருந்த பலகையோடு கீழே அமுங்கின. சேனல் ஒரே கோடாக இருந்திருந்தால் இடப்பக்கம் அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். நடுவில்தான் ஒன்றும் இல்லையே. இடப்பக்கம் மட்டும் தனியாக ஏறியது.

தேங்காய் உடைப்பதுபோல ஒரு சத்தம். வாசலுக்கு மேலே, மூலையில் தொடங்கி, ஒரு விரிசல் சாய்வாக விரிந்துகொண்டே மேல்தளம் வரைக்கும் போனது. கண்ணெதிரில் போனது. கீழே அம்மா நின்றாள். யாரும் நிலையைத் தாண்டக்கூடாது என்று காவலுக்கு நின்றிருந்தாள். காரை பெயர்ந்து அவள் தலையில் கொட்டியது.

"ருக்கோ! ருக்கோ!" நிறுத்தச் சொல்லி மேஸ்திரி இந்தியில் அலறியதில் எல்லாக் கைகளும் நின்றுவிட்டன. அப்பா அம்மாவைத் தெருவுக்கு இழுத்தார். அவளுக்கு அடி ஒன்றும் இல்லை. ஆனால் வீடு ஏறியும் ஏறாமலும் அந்தரத்தில் நின்றது. இன்னும் இரண்டு திருகு தவறினால் முன்சுவர் நிற்காது. சுவர் போனால் தளமும் போகும். கிழக்கே வானம் கறுத்திருந்தது.

"இங்க சேனல் வெக்காம உடச் சொன்னது யாரு?" என்று கத்தினார் மேஸ்திரி. யார் என்று அவருக்குத் தெரியும். என்னைத்தான் பார்த்தார்.

"நாந்தான்" என்றாள் அம்மா. "நாந்தான் வேணான்னேன்."

எதற்கும் முந்திக்கொண்டு பேசுகிற நான், முட்டுக்கட்டை எடுக்க ஓடுகிறவள்போல அங்கிருந்து நகர்ந்துவிட்டேன்.

முட்டுக்கட்டைகள் கொடுத்தார்கள். விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டினார் மேஸ்திரி. விரிசல் இன்னும் அசைந்தால் கண்ணாடி தெறிக்கும். பிறகு அம்மாவிடம் வந்தார். "தோண்டணும்மா. இன்னிக்கே."

அம்மா நிலைப் பக்கம் போனாள். "கடப்பாற வேணாம். கரண்டி குடுங்க" என்றாள். கொத்தனார் கரண்டியை வாங்கி அவளே உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணை அள்ளிப் போட்டேன்.

"அம்மா, லோடு இல்லன்னு சொன்னது நான். எனக்கே உறுதியாத் தெரியாது. தெரிஞ்ச மாரி சொல்லிட்டேன்."

அவள் நிமிரவில்லை. "தெரியும்டி."

"என்னா தெரியும்?"

"மேஸ்திரி வேணாம்னு தலைய ஆட்டுனத நானும்தான் பாத்தேன். அவரு சொல்றதுதான் சரின்னு பட்டுது. நீ படிச்ச பொண்ணு, நீ சரின்னா எனக்குத் தோதாப் போச்சு. கம்முனு இருந்துட்டேன்."

சுவர் பிளந்தபோதுகூட எனக்கு அப்படித் தூக்கிவாரிப் போடவில்லை. இத்தனை நாளும் என் அவசரத்துக்கு அவளைத் தலையாட்டவைத்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

துணி மக்கி நாலு நூல்தான் மிச்சம். காசுகள் பச்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவற்றையும் பொட்டுத் தங்கத்தையும் முந்தானையில் முடிந்துகொண்டு அம்மா எழுந்தாள். "இப்ப போடுங்க ஒங்க சேனல."

இருட்டுவதற்குள் சேனல் வாசலுக்கு அடியில் போய் இரண்டு பக்கத்தோடும் பற்றவைக்கப்பட்டது. வலப்பக்கத்தை மட்டும் மெதுவாக ஏற்றினார்கள். ஒவ்வொரு கை தட்டலுக்கும் நான் கண்ணாடியைப் பார்த்தேன். சுவர் பழைய இடத்துக்கு வந்து விரிசல் மூட மூட, கண்ணாடி சத்தமில்லாமல் இரண்டாக உடைந்தது. மேஸ்திரி விரிசலில் நகத்தை வைத்துப் பார்த்தார். நகம் உள்ளே போகவில்லை. வேறொரு துண்டை ஒட்டினார். அடுத்த நாட்களில் வீடு என் இடுப்பு உயரத்துக்கு ஏறிய பிறகும் அந்தத் துண்டு அப்படியே இருந்தது.

பெயின்ட் அடிக்க வந்தவர் அதைச் சுரண்டப் போனார். நான் வேண்டாம் என்றேன்.

போன மழைக்குத் தெருவில் முட்டியளவு தண்ணீர். மாமா குடும்பத்தோடு எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, "மச்சான், எங்க வீட்டயும் ஒங்க பொண்ண வந்து பாக்கச் சொல்லுங்க" என்றார். எல்லோரும் வாசலில் நின்று, தண்ணீர் எந்தப் படி வரைக்கும் வருகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் நின்று, அண்ணாந்து, அந்தக் கண்ணாடித் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.