புகை வராத அடுப்பு

பங்களா குசினியில் சமைக்கும் லியனார்டுக்குப் பெற்ற மகளைவிடப் பாத்திரங்கள்மேல்தான் பாசம் என்று டயகம தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் கேலி செய்வார்கள். 1957இல் சீமைக்குத் திரும்பக் கிளம்பிய வெள்ளைக்காரத் துரை, துருப்பிடித்த கரி அடுப்பு ஒன்றைக் குப்பையில் போடச் சொன்னபோது மனிதருக்கு மனசு கேட்கவில்லை. இரும்புப் பெட்டி, மேலே கம்பி வலை, மடக்குக் கால். கைப்பிடியைப் பிடித்து எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம். கேட்டு வாங்கி லயத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

செங்கல் தூளைப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தார். ஓட்டை விழுந்த அடித்தகட்டுக்கு மண்ணெண்ணெய் டின்னை வெட்டி வைத்தார். ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பழனியாண்டி புதுக் கம்பி வலை அடித்துக் கொடுத்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை கட்டாக் கருவாடு சுட்ட வாசத்துக்கு லயமே எட்டிப் பார்த்தது. "பாத்தீங்களா, ஒரு பொட்டுப் புகை இல்ல!" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். அந்தப் பீற்றல்தான் வினையாக வந்தது.

ஆடி மாதம் மகள் பவுலினுக்குத் தலைப்பிரசவம், பெண் குழந்தை. பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப் படக்கூடாது என்று கட்டிலுக்குப் பக்கத்தில் விறகுக் கணப்பு போட்டுக் கதவைச் சாத்தி வைப்பார்கள். புகை தாங்காமல் அடிக்கடி கதவைத் திறக்க வேண்டியிருக்கும். நம்மிடம்தான் புகையாத அடுப்பு இருக்கிறதே, எதற்குத் திறப்பது என்று நினைத்தார் லியனார்ட். மத்தியானம் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் பத்தியத்துக்குப் பூண்டு சுட்டு முடித்ததும், தணலோடு அடுப்பைத் தூக்கி மகள் படுத்திருந்த காம்பராவுக்குள் வைத்தார். மகளும் பிள்ளையும் தூங்கினார்கள். கதவைச் சாத்தி, இடுக்கில் சாக்கை அடைத்தார். மனைவி இராசம்மா தண்ணீர் கொட்டும் பீலிக்குத் துணி அலசப் போயிருந்தாள்.

இஸ்தோப்பில் உட்கார்ந்து கம்பி வலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாலுக்கு அழுது லயத்தையே கூட்டுகிற பிள்ளை நேரமாகியும் அழவில்லை. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"பவுலின்! அம்மா பவுலின்!"

சாக்கைப் பிடுங்கி உள்ளே ஓடினார். மகள் வாய் பிளந்து கிடந்தாள். குனிந்தவருக்குத் தலை கிறுகிறுத்தது, கால் துவண்டது. பிள்ளையை எடுத்து இஸ்தோப்பில் கிடத்தினார். திரும்பிப் போய் மகளைத் தரதரவென்று இழுத்து வந்து போட்டுவிட்டு, "மாதாவே!" என்று அலறினார்.

பக்கத்துக் காம்பராவிலிருந்து மருத்துவச்சி காளியாயி ஓடிவந்தாள். "அடப்பாவி மனுசா! பச்ச ஒடம்புக்காரிய மழக்காத்துல போட்டிருக்கீங்களே! குளுரு ஏறி ஜன்னி கண்டிருக்கு. உள்ள தூக்குங்க, கதவச் சாத்துங்க, இன்னும் கரியப் போடுங்க!"

"உள்ள வேணாம். உள்ள போனா எனக்கே தல சுத்துது."

"புகையே இல்லாத நெருப்புல தல சுத்துமா? ஒங்களுக்குக் கிறுக்கா?"

பீலியிலிருந்து ஓடிவந்த இராசம்மா அவர் நெஞ்சில் அடித்தாள். "ஏங்க, வழிய விடுங்க! எம்புள்ள வெறச்சுச் சாகப் போவுதுங்க!"

லியனார்ட் வாசலை மறித்து நின்றார். காளியாயி சொல்வது சரியாக இருந்துவிட்டால்? எத்தனை பிரசவம் பார்த்தவள்! உள்ளே விட்டாலும் சாவு, விடாவிட்டாலும் சாவு என்று தோன்றியது. தன் கையாலேயே மகளைக் கொன்றுகொண்டிருக்கிறேனோ என்ற பயம் பிடித்தது. ஆனாலும் நகரவில்லை.

பிள்ளை ஒரு தும்மல் போட்டது. பிறகு வீலென்று கத்தியது. கொஞ்ச நேரத்தில் பவுலின் புரண்டு வாந்தி எடுத்தாள்.

தணலில் தண்ணீரை ஊற்றி அடுப்பை வெளியே போட்டபிறகுதான் அவர்களை உள்ளே விட்டார். கதவை மட்டும் சாத்தவிடவில்லை. கம்பளிக்குள் பற்கள் கிடுகிடுக்க, பவுலின் கெஞ்சினாள்.

"அப்பா, கதவச் சாத்துங்கப்பா. அந்த அடுப்பயே மறுபடி வைங்கப்பா. எவ்வளவு சொகமா தூக்கம் வந்துச்சு தெரியுமா?"

அது எந்தத் தூக்கம் என்று லியனார்டுக்குப் புரிந்தது. திறந்த கதவுக்கு முட்டுக் கொடுத்து, சாரலில் நனைந்தபடி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.