உமிக்குள் இருந்த துளைகள்

காரைக்குடி ஆய்வகத்தில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியை இயக்கியவர் எப்போதும் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருப்பார். அந்த அறையின் ஏசி குளிர் அப்படி. திரையில் படம் தெளிந்ததும் அவர் படத்தைப் பார்க்க மாட்டார். மாதிரி கொண்டுவந்த மாணவரின் முகத்தைத்தான் பார்ப்பார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவள் நான். பேட்டரிக்கு உதவும் நுண்துளைச் சிலிக்காவை உமியிலிருந்து எடுப்பது என் பி.எஸ்சி. ஆய்வு. அப்பா மூட்டை தூக்கும் புதுவயல் அரிசி ஆலையின் பாய்லர் சாம்பலை அப்படியே கொண்டுபோனேன். ஒரு துளைகூட இல்லை.

“பாத்திரம் வெளக்கத்தான் ஆகும் தாயி” என்று மஃப்ளர்காரர் சிரித்தார்.

“எங்க அம்மா இதுலதான் சார் வெளக்குவாக” என்றேன்.

பாய்லர் சூட்டில் துளைகள் உருகி மூடிவிடும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இன்னும் ஒரே வாய்ப்பு. தவறினால் ஆய்வுத் தலைப்பே போய்விடும். அதே ஆலையின் உமியை அமிலத்தில் கழுவி, குறைந்த சூட்டில் நானே எரித்தேன்.

இம்முறை திரையெங்கும் தேன்கூடுபோலத் துளைகள்!

“இது அந்தச் சாம்பலா தாயி?”

“இல்ல சார். உமி மட்டுந்தான் அந்த ஆலையோடது. சாம்பல் நான் எரிச்சது.”

அவர் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அன்று அவர் முகத்தை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.