கொன்ட்ரோல் எஃப்பும் ஒரு கொழுந்து நிரையும்

ஹட்டனில் கொமினிகேஷன் கடை வைத்து ஊராருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் எனக்கு விரல்கள்தான் மூலதனம். ஒட்ட, தேட, அச்சிட எந்த விசையைத் தட்ட வேண்டும் என்று அவற்றுக்கே தெரியும். சில இணையதளங்கள் அந்த விசைகளைப் பிடுங்கித் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றிவிடுகின்றன. உங்களுக்கும் இந்த அவஸ்தை நேர்ந்திருக்கும். வாருங்கள், சேர்ந்தே திட்டுவோம்.

ஒட்டக் கூடாதாம்

தேயிலைக் கொழுந்து பறிக்கும் செல்வராணி அக்கா, மகள் ரோஷினியைத் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க அழைத்து வந்தார். வயதெல்லை நெருங்கிவிட்டதால் ரோஷினிக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. ஏன் தாதியாக விரும்புகிறாய் என்ற கேள்விக்கு ஒரு பக்கப் பதிலைப் போனிலேயே எழுதி எனக்கு அனுப்பியிருந்தாள். அதை நகலெடுத்து ஒட்டப் போனால், இங்கே ஒட்ட முடியாது என்றது தளம். முழுவதையும் மறுபடி தட்டினேன். பார்த்துக்கொண்டிருந்த அக்கா சொன்னார்:

"பறிச்ச கொழுந்தக் கொட்டிட்டுத் திரும்பப் பறிங்கன்னு எங்கள வேல வாங்குற கண்டாக்குகூடச் சொன்னதில்ல தங்கச்சி."

அச்சடிக்கவும் கூடாதாம்

வட்டவளைப் பள்ளிக்கூட ஜோசப் மாஸ்டருக்கு ஒரு படிவம் அச்சில் வேண்டியிருந்தது. கொன்ட்ரோலையும் 'P' எழுத்தையும் தட்டினேன். நண்பர்களோடு பகிருங்கள் என்று ஒரு பெட்டி குதித்தது. மூடினேன், தட்டினேன், மறுபடி அதே பெட்டி. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்:

"கடைசி மணியடிச்சா பிள்ளைக வீட்டுக்குப் போகணும். இங்க மணியடிச்சா மறுபடி காலைப் பிரேயர்ல ஆரம்பிக்குது!"

தேடவாவது விட்டார்களா?

தாதியர் பயிற்சிக்கான தெரிவுப் பட்டியல் தளத்தில் வந்த காலை, அக்கா வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகாமல் ரோஷினியோடு வந்து நின்றார். எந்த ஒழுங்கும் இல்லாத நீளப் பட்டியல். நான் மிடுக்காகக் கொன்ட்ரோலையும் எஃப்பையும் தட்டி, திறந்த பெட்டியில் அவளுடைய அடையாள அட்டை எண்ணைப் போட்டேன். எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தது. "இல்லையே அக்கா" என்று சொல்லிவிட்டேன். ரோஷினி சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள்.

அக்கா மட்டும் அசையவில்லை. "மலையில ஆளுக்கொரு நிரை குடுப்பாங்க. ஒரு செடி விடாமத்தான் போவோம். நீங்களும் மேலருந்து ஒவ்வொண்ணாப் பாருங்க" என்றார். பார்த்தேன். ஏழாம் பக்கத்தில் ரோஷினியின் எண் இருந்தது!

நான் தட்டிய விசையைத் தளம் தன்வசமாக்கி, பட்டியலை விட்டுவிட்டுத் தன் செய்திப் பகுதியில் தேடியிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபம். மகளைக் கட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்த அக்கா, நான் விளக்கியதும் கேட்டார்:

"இம்புட்டுப் படிச்சவங்க, அடுத்தவங்க நிரையில எதுக்குங்க எறங்குறாங்க?"

இணையதளம் செய்கிறவர்களை ஒரு வாரம் செல்வராணி அக்காவோடு மலைக்கு அனுப்பினால், அப்புறம் என் கீபோர்ட் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள் என்பது என் தீர்ப்பு.